எந்தச் சூடு? தண்டுவடக் காயத்துக்குப் பிறகு உடல் வெப்பம்: ஓர் எளிய விளக்கம்

டெல்லியில் இருக்கும் தமிழ் வீடுகளில் மே மாதம் வந்துவிட்டால் 'சூடு' என்ற சொல்லைக் கேட்காத நாள் கிடையாது. மாம்பழம் சூடு. கண்ணில் கட்டி வந்தால் உடம்புச் சூடு. குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலும் உடம்பு சூடாக இருக்கிறது என்போம். வெயிலில் ஆட்டோவுக்கு நின்றுவிட்டு வந்தவரையும் சூடு ஏறிவிட்டது என்போம். உணவின் குணம், நோய், வெயில் மூன்றுக்கும் ஒரே சொல். நடமாடுகிறவர்களுக்கு இதனால் பெரிய கெடுதல் வருவதில்லை. ஒரு டம்ளர் நீர்மோர், ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம், அவ்வளவுதான். மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

அந்த மீதியை உடம்பால் பார்த்துக்கொள்ள முடியாமல் போவதும் தண்டுவடக் காயத்தின் ஒரு விளைவு. நடக்க முடியாது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வெப்பத்தைச் சமாளிக்க முடியாது என்பது வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை.

என் அண்ணனுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் மார்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டது. கைகள் நன்றாக வேலை செய்கின்றன, வீல்சேரைத் தானே தள்ளிக்கொள்வார். மார்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. மயூர் விஹாரில் அம்மா, அண்ணன், நான் மூவரும் இருக்கிறோம். எந்தச் சூடு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நாங்கள் இரண்டு முறை தப்பு செய்தோம். ஒரு முறை வெயிலைக் காய்ச்சல் என்று நினைத்தோம், இன்னொரு முறை காய்ச்சலை வெயில் என்று நினைத்தோம். இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மறுவாழ்வு மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், வீட்டில் பார்த்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டெல்லி கூலரிலிருந்து தொடங்கலாம்

இந்த ஊர் கூலரைப் பார்த்திருப்பீர்கள். தகரப் பெட்டி, மூன்று பக்கமும் புல் தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி. சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றித் தட்டியை நனைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஃபேன் வெளிக்காற்றை ஈரத் தட்டி வழியாக இழுத்து அறைக்குள் தள்ளும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் காற்று குளிர்கிறது.

நம் உடம்பும் இதே வழியைத்தான் நம்பியிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடம்பு, பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு இரவும் பகலும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அது வெளியே போயாக வேண்டும். காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானாகவே காற்றுக்குப் போய்விடும். ஆனால் தோலின் வெப்பம் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவானது 46.8 டிகிரி. அப்படிப்பட்ட நாளில் வெப்பம் உடம்பிலிருந்து காற்றுக்குப் போவதில்லை, காற்றிலிருந்து உடம்புக்குள் வருகிறது. அப்போது வெளியேற ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

இப்போது கூலரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடுகிறது, தட்டி காய்ந்துவிட்டது. அறைக்குள் வருவது வெளியே அடிக்கிற அதே லூ, அதாவது வட இந்தியக் கோடையின் வறண்ட அனல்காற்றுதான். வியர்க்காத உடம்பின் மேல் சுடுகாற்று படுவதும் அப்படித்தான். 'ஃபேன் ஓடுது இல்லையா, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அறை 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், காய்ந்த தோலின் மேல் ஓடும் ஃபேன் அவரைக் குளிர்விக்காது, சூடுதான் ஏற்றும்.

கட்டளை எங்கிருந்து வருகிறது?

சரி, வியர்வை ஏன் நிற்கிறது? தோல் கெட்டுவிட்டதா, வியர்வைச் சுரப்பி செத்துவிட்டதா? இரண்டும் இல்லை. கட்டளை வந்து சேரவில்லை.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. உடம்பின் உள் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஓடிவரும் ரத்தம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்கும், தோலிலிருந்து வரும் செய்திகளையும் கேட்கும். சூடு கூடினால் இரண்டு கட்டளை போடும்: தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரி, வியர்வையைச் சுரக்கவிடு. குளிர் கூடினால் வேறு இரண்டு: ரத்தக் குழாய்களைச் சுருக்கு, தசைகளை நடுங்கவிடு. நடுக்கம் என்பது தசைகள் வேகமாக வேலை செய்து வெப்பம் உண்டாக்குவதுதான்.

இந்தக் கட்டளைகள் தண்டுவடம் வழியாகக் கீழே இறங்குகின்றன. பத்து மாடி சொசைட்டி ஃபிளாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் மாடியில் கட்டுப்பாட்டு அறை. அங்கிருந்து ஒரு பெரிய கேபிள் கீழே இறங்குகிறது, மாடிக்கு மாடி கிளை பிரிகிறது. ஆறாவது மாடியில் கேபிள் அறுந்துபோனால், ஐந்தாவது மாடியிலிருந்து கீழே விளக்கும் நன்றாக இருக்கும், மோட்டாரும் நன்றாக இருக்கும், ஆனால் மேலேயிருந்து யாரும் அவற்றை இயக்க முடியாது. கீழே இருப்பவர்கள் 'இங்கே தீப்பிடித்துவிட்டது' என்று கத்தினாலும் மேலே கேட்காது. செய்தி இரண்டு திசையிலும் நின்றுபோகிறது.

வியர்வையையும் ரத்தக் குழாய்களையும் நடத்தும் நரம்புகளுக்குப் பரிவு நரம்புகள் என்று பெயர். இவை தண்டுவடத்தின் எல்லா இடத்திலிருந்தும் கிளம்புவதில்லை. தண்டுவடத்தை மேலிருந்து கீழாகக் கணுக்கணுவாகப் பிரித்து எண்ணுவார்கள்; மார்புப் பகுதியின் முதல் கணுவிலிருந்து இடுப்புப் பகுதியின் இரண்டாவது கணு வரைதான் இவை வெளியே வருகின்றன. முகத்துக்கும் தலைக்கும் போகிற பரிவு நரம்புகள்கூட மார்பின் மேற்கணுக்களிலிருந்து கிளம்பி மேலே ஏறித்தான் போகின்றன. ஆகவே கழுத்தில் முழுமையாக அடிபட்டவருக்கு எல்லாக் கிளைகளும் அறுந்த இடத்துக்குக் கீழே அகப்பட்டுவிடும். அவருக்கு நெற்றியில்கூட வெயிலுக்கு வியர்க்காமல் போகலாம். மார்பின் ஆறாவது கணுவுக்கு மேலே அடிபட்டவர்களுக்குச் சிக்கல் அதிகம். இடுப்பின் கீழ்ப்பகுதியில் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் குறைவு. தண்டுவடம் பாதி மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் ஆளுக்கு ஆள் மாறும்.

என் அண்ணனுக்கு ஐந்தாவது மார்புக் கணு. முதல் கோடையில் அவருக்குச் சட்டை மாற்றும்போது பார்த்தேன். நெற்றியிலும் கழுத்திலும் முத்து முத்தாக வியர்வை, கழுத்தெலும்புக் குழியில் தேங்கி நிற்கிறது. மார்புக் காம்பை ஒட்டிய மட்டத்தில் அது குறைந்துகொண்டே வந்து நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வயிற்றைத் தடவினால் வெயிலில் கிடந்த செய்தித்தாள்போலக் காய்ந்து, சூடாக இருக்கிறது. ஒரே ஆள், ஒரே அறை, இரண்டு வேறு உடம்புகள்போல. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மருத்துவர் சொன்னது எனக்கு உறைத்தது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: வெப்பத்தைச் சமன்செய்யும் கருவிகள் உடம்பில் அப்படியே இருக்கின்றன, கட்டளை போகும் பாதை அறுந்திருக்கிறது. எவ்வளவு மேலே அறுந்ததோ அவ்வளவு பெரிய பரப்பில் உடம்பு சுற்றுப்புறத்தின் போக்கிலேயே போகும். அறை சூடானால் உடம்பும் சூடாகும், அறை குளிர்ந்தால் உடம்பும் குளிரும். மருத்துவத்தில் இதற்குப் போய்கிலோதெர்மியா என்று பெயர். வெயில் காய்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்கிற ஓணானுக்கு இயல்பே இதுதான். மனிதருக்கு இது ஆபத்து.

இளநீரும் வெந்தயமும்

அண்ணன் வீட்டுக்கு வந்த புதிதில் ஆர்.கே. புரத்திலிருந்து அத்தை, காரோல் பாகிலிருந்து சித்தி என்று எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு யோசனை. இளநீர் கொடு, வெந்தயம் ஊறவைத்துக் கொடு, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு. அன்பினால் சொன்னவை. இளநீரும் மோரும் தண்ணீர்ச் சத்து, கோடையில் அது வேண்டும்தான். சில்லென்று ஏதாவது குடித்தால் உள் வெப்பமும் கொஞ்சம் இறங்கும். ஆனால் அறுந்த பாதையை எந்த உணவும் ஒட்டாது. 'குளிர்ச்சியாக நிறையக் குடித்திருக்கிறார், வெளியே போகலாம்' என்று நினைப்பதில்தான் ஆபத்து.

வியர்வை வராவிட்டால் நாம் கொண்டுவரலாம்

சுரப்பி நனைக்காத தோலை நாம் நனைக்கலாம். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற சின்ன ஸ்ப்ரே பாட்டில் இருக்கிறதே, அது போதும். முகம், கைகள், மார்பு, வயிறு என்று மெல்லிய படலமாகத் தெளித்து, மேலே ஃபேன் காற்று பட வேண்டும். தண்ணீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். தோல் காயக் காயத் திரும்பத் தெளிக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி நனைத்த பருத்தித் துண்டும் உதவும். உட்காரும் இடமும் முதுகும் மட்டும் ஈரமாகக் கூடாது. ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் படுக்கைப்புண் சீக்கிரம் வந்துவிடும்.

இது டெல்லியின் ஏப்ரல், மே, ஜூனுக்கு மிகவும் பொருந்தும், ஏனென்றால் அப்போது காற்று வறண்டது. ஜூலையில் மழை தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் ஆவியாக இடமில்லை. மழைக்காலத்தில் கூலர் ஓடியும் பிசுபிசுப்புதான் மிஞ்சும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஸ்ப்ரே பாட்டிலும் அதே காரணத்தால் அப்போது தோற்றுப்போகும். வெளியே 36 டிகிரிதானே, மே மாதத்தைவிடப் பத்து டிகிரி குறைவுதானே என்று ஏமாந்துவிடக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் ஏசி உள்ள ஓர் அறை தேவை. வீட்டில் இல்லையென்றால் பகல் வேளையில் போய் உட்கார ஓர் இடமாவது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் செலவை ஆடம்பரம் என்று சொல்பவர்களிடம் இது மருந்துச் செலவு என்று நாங்கள் தயங்காமல் சொல்கிறோம்.

வெயிலில் நிறுத்திய காரின் இருக்கை, வீல்சேரின் உலோகப் பகுதி, ஜெல் வைத்த குஷன் எல்லாம் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். உணர்வு இல்லாத தொடைக்கு அது தெரியாது. உட்காரும் முன் யாராவது கை வைத்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

காய்ச்சல் வேறு, வெப்பம் ஏறுவது வேறு

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஏசி ரிமோட்டை எடுத்துக்கொள்வோம். 24-இல் வைத்தால் அறையை 24-க்குக் கொண்டுவர இயந்திரம் வேலை செய்யும். அறை 30 டிகிரியில் இருக்கிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். யாரோ ரிமோட்டை 30-க்கு மாற்றியிருக்கலாம். அல்லது ரிமோட் 24-இலேயே இருக்க, கம்ப்ரெஸர் ஓடாமல் இருக்கலாம். தெர்மாமீட்டர் இரண்டிலும் 30 என்றுதான் காட்டும்.

காய்ச்சல் முதல் வகை. கிருமித் தொற்று வந்தால் ஹைபோதலாமஸ் தன் இலக்கையே உயர்த்திக்கொள்கிறது. பாராசிட்டமால் அந்த இலக்கைப் பழைய இடத்துக்கு இறக்குகிறது. வெயிலால் உடம்பு சூடேறுவது இரண்டாவது வகை. இலக்கு 37-இலேயே இருக்கிறது, உடம்பால் வெப்பத்தை வெளியே தள்ள முடியவில்லை. இங்கே பாராசிட்டமாலுக்கு வேலையே இல்லை, குளிர்விப்பது மட்டும்தான் வழி.

முதல் கோடை, ஜூன் மாதம். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை, கூலர் தொட்டி காய்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி வாக்கில் அண்ணன் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறதுபோல இருக்கிறது என்றார். அம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "தொட்டா கொதிக்குதுடி, காய்ச்சல்தான்" என்றார். 39.2 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்து, குளிரக் கூடாதே என்று போர்வையும் போர்த்தினோம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. ஒரு மணி நேரம் கழித்து 39.4. பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீல்சேரைத் தன் ஏசி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சட்டையைக் கழற்றி, ஈரத் துண்டுகளை மார்பிலும் கைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். முக்கால் மணி நேரத்தில் 38.1. இரவு 37. காய்ச்சல் இப்படி இறங்காது.

அடுத்த தப்பு அந்த வருஷம் நவம்பரில். பால்கனி வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், மாலையில் 38.3. ஜூன் மாதப் பாடம் மனதில் இருந்ததால் வெயில்தான் என்று முடிவுகட்டி ஒரு நாள் முழுக்க ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தோம். வெளியே குளிர்காலம் தொடங்கிவிட்டது, அறை குளுகுளுவென்று இருக்கிறது, வெப்பம் இறங்கவே இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். சிறுநீர் கலங்கியிருந்தது, கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துக்கொண்டன. சிறுநீர்த் தொற்று, சிறுநீரகம் வரை போய்விட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரி.

சிறுநீர்த் தொற்று வந்தால் நமக்கு எரிச்சல் தெரியும். மார்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்கு எரியாது. கலங்கிய அல்லது நாற்றமுள்ள சிறுநீர், கசிவு, கால் இழுப்பு கூடுவது, காரணமில்லாத சோர்வு ஆகியவைதான் அடையாளம். படுக்கைப்புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டு ஆகியவற்றாலும் காய்ச்சல் வரலாம். அதனால் வெப்பம் ஏறியதும் முதலில் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள், குளிர்வியுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். சீராக இறங்கினால் வெயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த இடத்திலும் இறங்காமல் நின்றால், அல்லது இறங்கித் திரும்ப ஏறினால், தொற்று என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று. தண்டுவடக் காயம் உள்ள பலருக்கு வழக்கமான வெப்பமே 37-க்குக் கீழே, 36-ஐ ஒட்டி இருக்கும். அப்படிப்பட்டவருக்கு 37.6 என்பது சின்ன விஷயம் இல்லை. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் கையில் இருந்தால்தான் மற்ற எண்களுக்குப் பொருள் வரும். கையால் தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். வியர்த்த நெற்றி ஜில்லென்று இருக்கும்போதே உள் வெப்பம் ஏறியிருக்கலாம், பாதம் ஜில்லிட்டிருப்பதால் உடம்பே குளிர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. வாயில் வைத்து அளப்பதானால், ஐஸ் தண்ணீர் குடித்து இருபது நிமிஷமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஜனவரி

இதே சஃப்தர்ஜங்கில் 2023 ஜனவரி 8 அன்று பதிவானது 1.9 டிகிரி. இந்த ஊரின் கொடுமையே இந்த இரண்டு கோடிகளும்தான்.

கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய் மொட்டை மாடியில் திறந்த வெளியில் ஓடினால், குளியலறைக்கு வருவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். நல்ல உடம்பு குளிர் வந்ததும் தோலுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, சூடான ரத்தத்தை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. காயத்துக்குக் கீழே அந்தச் சுருக்கம் நடப்பதில்லை. அந்த வெந்நீரைப்போலவே சூடான ரத்தம் கால் வரை போய் ஆறித் திரும்பி வருகிறது. நடுக்கமும் காயத்துக்கு மேலே உள்ள தசைகளில் மட்டும்தான். கால் தசைகள் மெலிந்துவிட்டதால் அவை உண்டாக்கும் வெப்பமும் குறைவு.

இங்கே ஒரு நல்ல நம்பிக்கை தவறிப்போகிறது. குளிர்கிறது என்றால் ரஜாயை, அதாவது பஞ்சு அடைத்த தடித்த போர்வையை, போர்த்து என்பார்கள். ரஜாய் தானாக வெப்பம் தராது, உள்ளே இருக்கும் வெப்பத்தைக் காக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஜில்லிட்ட கால்களை ரஜாய்க்குள் வைத்தால் அவை வெகுநேரம் ஜில்லென்றே இருக்கும். முதலில் அறையைச் சூடாக்கி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, அப்புறம் போர்த்த வேண்டும். தொப்பியும் மப்ளரும் வீட்டுக்குள்ளேயே வேண்டும். உள் வெப்பம் 35-க்குக் கீழே போனால் அதற்கு ஹைபோதெர்மியா என்று பெயர். அரைத் தூக்கம், குழறல், குழப்பம் என்று அமைதியாகத்தான் வரும். நல்லா தூங்குகிறார் என்று விட்டுவிடுவதுதான் பயம்.

குளிர்காலத்தில் எனக்குப் பெரிய கவலை தீக்காயம். ஹாட் வாட்டர் பேக், ரூம் ஹீட்டர், பக்கெட் வெந்நீர். 60 டிகிரி நீர் ஐந்து நொடியில் தோலைப் புண்ணாக்கும். அதைவிட ஏமாற்றுவது மிதமான சூடு: 44 டிகிரிகூட ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் புண்ணாக்கிவிடும். நமக்கு இதமாகத் தெரியும் ஒரு பேக், உணர்வில்லாத காலடியில் இரவு முழுக்க இருந்தால் காலையில் கொப்புளம். எங்கள் வீட்டில் ஹாட் வாட்டர் பேக்கை அடியோடு நிறுத்திவிட்டோம். சிவந்து எரியும் ராட் ஹீட்டருக்குப் பதிலாக ஆயில் ஹீட்டர், அதுவும் எட்டத் தள்ளி. மூடிய அறையில் கரி அடுப்பு எவருக்கும் கூடாது, அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். குளிக்கும் நீரை உணர்வுள்ள கையால் பார்த்த பிறகுதான் காலில் ஊற்ற வேண்டும்.

வியர்வை கொட்டுகிறது, ஆனால் வெயில் இல்லை

மார்பின் ஆறாவது கணுவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்கள் வீட்டில் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திடீரென்று தலை பிளக்கும் வலி, முகம் சிவந்து காயத்துக்கு மேலே வியர்வை கொட்டுகிறது, உடம்பில் புல்லரிப்பு. பார்த்தால் வெயில் தாக்கியதுபோலவே இருக்கும். இது ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியாவாக இருக்கலாம். காயத்துக்குக் கீழே ஏதோ தொந்தரவு, பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை அல்லது மலச்சிக்கல். அந்தச் செய்தி மூளைக்குப் போகாமல் கீழேயே சுற்றி, ரத்தக் குழாய்களை இறுக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. ரத்த அழுத்தத்தின் மேல் எண் வழக்கமாக 100 இருப்பவருக்கு 140 என்பதே பெரிய ஏற்றம்.

வெயில் என்று நினைத்துப் படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்) மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் கிடைக்காவிட்டால், அல்லது அழுத்தம் இறங்காவிட்டால், உடனே ஆஸ்பத்திரி.

தண்ணீரும் மருந்தும்

குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பவர்கள் அடிக்கடி எடுக்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள், குறிப்பாக வெளியே போகும் நாளில். கோடையில் அது கெடுதல். எத்தனை லிட்டர், எத்தனை தடவை என்று மருத்துவரோடு பேசிக் கோடைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சிறுநீர்ப்பைக்காகப் பலரும் சாப்பிடும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்துகள், மிச்சம் இருக்கும் வியர்வையையும் குறைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மே மாதத்துக்கு முன்னால் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்க ஆள் இல்லை என்று தவிப்பவர்களுக்கு ஒரு செய்தி. வசந்த் குஞ்சில் இந்தியன் ஸ்பைனல் இஞ்சுரீஸ் சென்டர் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா. 1965 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர், அதே வருஷம் போரில் குண்டடிபட்டு முதுகுத்தண்டில் காயம்பட்டவர். மனசு சோர்ந்த நாட்களில் அண்ணன் இந்தக் கதையை எனக்குச் சொல்வார், நான் அவருக்குச் சொல்வேன்.

ஏறிவிட்டால்

குளிர்ந்த இடம். உடையைக் குறைப்பது. தோலை நனைத்துக் காற்றுப்படச் செய்வது. நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சில்லென்று குடிக்கக் கொடுப்பது. ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி, கொஞ்ச நேரம் மட்டும், தோலைப் பார்த்துக்கொண்டே. உணர்வில்லாத தோலை ஐஸும் புண்ணாக்கும். பேச்சு குழறினால், குழம்பினால், அல்லது 40 டிகிரியை எட்டினால் 112-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

எங்கள் கூலர் தொட்டியின் பக்கவாட்டில் இப்போது சிவப்பு பெயின்டில் ஒரு கோடு இருக்கிறது. அண்ணன் போட்டது, வீல்சேரில் உட்கார்ந்தபடி பார்த்தாலே தெரியும் உயரத்தில். காலை பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று அவரே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். மடியில் ஸ்ப்ரே பாட்டில் இருக்கிறது.